பெட்டி பிரித்த நாளிலேயே எழுதுங்கள்: பாடசாலை உபகரணக் கணக்கு

நுணுக்குக்காட்டியைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்து இரண்டு வருடம் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது கொழும்பில் விஞ்ஞானம் கற்பிக்கிறவர்களுக்குத் தெரியும். வில்லையின் உள்பக்கம் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கோடுகள் படர்ந்திருக்கும். அது பங்கசு. மேலால் துடைத்தால் போகாது, வில்லையின் பூச்சையே தின்றுவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடற்காற்று படும் இடமென்றால் திருகாணிகளும் துருவேறி இறுகியிருக்கும். பதிவேட்டைத் திறந்தால் “நுணுக்குக்காட்டி – 6 – நல்ல நிலை” என்று இருக்கும். ஒரு பிள்ளைகூட அதற்குள் வெங்காயத் தோலைப் பார்த்திருக்காது.

ஏன் வெளியே எடுக்கவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “உடைஞ்சா ஆர் கட்டுறது?” அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. அரச பணத்தில் வாங்கிய பொருள் குறைந்தால் கேள்வி வரும், பொறுப்பாளரின் சம்பளத்தில் கழிக்கவும் இடமுண்டு. ஆனால் கணக்கு தெளிவில்லாத இடத்தில்தான் இந்தப் பயம் பெருகுகிறது. எந்தப் பொருள் யார் கையில், எந்த நிலையில், எந்தத் திகதியில் போனது என்று எழுத்தில் இருந்தால், பாவனையில் உடைந்தது பாவனையில் உடைந்ததாகவே பதிவாகும். ஒருவர் தலையிலும் விழாது. பொருட்பதிவேடு ஒழுங்காக இருக்கும் பாடசாலையில் உபகரணம் வகுப்பறைக்கு வருகிறது. ஒழுங்கில்லாத இடத்தில் அது அலுமாரிக்குள் கிடந்து வீணாகிறது. கீழே எழுதுவதெல்லாம் பொருளை வெளியே எடுப்பதற்கான வேலை என்று நினைத்து வாசியுங்கள்.

பணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது

ஒரு கணினி அறையில் 20 கணினி இருந்தால் அவை நான்கு வழிகளில் வந்திருக்கலாம்: தர உள்ளீட்டு நிதியில் (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கு அரசு பாடசாலைக்குத் தரும் பணம்) வாங்கியவை, அமைச்சு நேரே அனுப்பியவை, மாகாண ஒதுக்கீட்டில் வந்தவை, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ பழைய மாணவர்களோ தந்தவை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் பழுதானால் யாரிடம் உத்தரவாதம் கேட்பது, திருத்தும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது, பாவிக்க முடியாமல் போனால் பதிவேட்டிலிருந்து கழிக்க யாரிடம் அனுமதி பெறுவது என்பதெல்லாம் பணம் வந்த வழியைப் பொறுத்தே மாறும். அதனால் பொருளின் இலக்கத்திலேயே மூலத்தைச் சேர்த்துவிடுங்கள். “தஉ/2024/நுகா/03” என்றால் தர உள்ளீடு, 2024 இல் வாங்கியது, நுணுக்குக்காட்டி, மூன்றாவது. அமைச்சுக்கு “அமை”, மாகாணத்துக்கு “மாகா”, அபிவிருத்திச் சங்கத்துக்கு “பாஅச”, அன்பளிப்புக்கு “அன்” என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சுருக்கம் என்பது முக்கியமில்லை. அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் விளக்கி எழுதி, பிறகு ஒருபோதும் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

அன்பளிப்பை எழுதாமல் விடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. “சும்மா தந்ததுதானே” என்பார்கள். பாடசாலைக்குக் கொடுத்த நிமிடத்திலேயே அது பாடசாலையின் சொத்து. அன்பளிப்புக் கடிதம் ஒன்றை வாங்கிக் கோவையில் போடுங்கள். விலைச்சிட்டை இல்லையென்றால் மதிப்பிட்ட விலையை, மதிப்பிட்டவர்களின் கையொப்பத்தோடு பதியுங்கள். எழுதாத அன்பளிப்பு இரண்டு பக்கமும் தொல்லை தரும். தொலைந்தால் தொலைந்தது என்று காட்ட வழியில்லை. இருந்தால், கணக்கெடுப்பில் “மேலதிகம்” என்று வந்து விளக்கம் கேட்பார்கள்.

இன்னொன்று, பொருட்பதிவேட்டில் ஏறுவது எது, இருப்புப் புத்தகத்தில் வரவு வைத்துக் கொடுக்கக் கொடுக்கக் கழிப்பது எது என்று வருடத் தொடக்கத்திலேயே பிரியுங்கள். பரிசோதனைக் குழாய், வடிதாள், டோனர், வெண்கட்டி, மார்க்கர் எல்லாம் இருப்புப் புத்தகத்துக்கு உரியவை. தராசு, நுணுக்குக்காட்டி, பிரிண்டர், கதிரை, அலுமாரி பொருட்பதிவேட்டுக்கு. சர்ச்சை வருவது நடுவில் நிற்கும் பொருட்களில்: காற்பந்து, எக்ஸ்டென்ஷன் வயர், பென் டிரைவ், கல்குலேட்டர். பந்து தேய்ந்து போகிற பொருள், அதை இருப்புப் புத்தகத்திலேயே வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைப் பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள், ஏனென்றால் அதைப்போல் காணாமல் போகிற சாமான் பாடசாலையில் வேறில்லை.

வாங்கும்போது

கொள்வனவு விதிகளை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. பொருளின் பிற்காலக் கணக்கைக் கெடுக்கும் இரண்டு பிழைகளை மட்டும் சொல்கிறேன். முதலாவது, விவரக்குறிப்பை “லெப்டொப் 5” என்று எழுதி விலைமனு கேட்பது. மூன்று கடை மூன்று விதமான கருவிக்கு விலை தரும், ஒப்பிடவே முடியாது, மலிந்ததை எடுத்து ஒரு வருடத்தில் அழுவீர்கள். செயலியின் தலைமுறை, ரேம், சேமிப்பகத்தின் வகையும் அளவும், திரையின் அங்குலம், இயங்குதளத்துக்கு உரிமம் உண்டா, உத்தரவாதம் எத்தனை வருடம், திருத்த யார் வந்து எடுத்துச் செல்வது என்று வரி வரியாக எழுதுங்கள். இரண்டாவது, உத்தரவாத அட்டையில் வாங்கப் போன ஆசிரியரின் பெயரை எழுதவிடுவது. அவர் மாற்றலாகிப் போனதும் அட்டையும் அவரோடு போய்விடும். பாடசாலையின் பெயரும் முத்திரையும் மட்டும்தான் அதில் இருக்க வேண்டும்.

டிசெம்பர் அவசரம் தனிக் கதை. பணம் பிந்தி வரும். நிதியாண்டு 31 ஆம் திகதியோடு முடியும். அந்தக் கடைசி வாரத்தில் “நீங்க பில்லில ‘பெற்றுக்கொண்டேன்’ எண்டு எழுதித் தாங்கோ சேர், சாமான் ஜனவரியில வரும்” என்று கேட்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுக்காதீர்கள். பொருள் வராமல் காசோலை போனால், பிறகு வருகிற பொருள் விலைமனுவில் இருந்த பொருளாக இருக்காது. அப்போது முறையிடவும் வழியில்லை, உங்கள் கையொப்பமே உங்களுக்கு எதிராக நிற்கும். செப்டெம்பரிலேயே விலைமனுக்களைத் தயாராக வைத்திருக்கும் பாடசாலை இந்த நெருக்கடியில் மாட்டுவதில்லை.

லொறி வந்து நிற்கும்போது

கணக்கு கெட்டுப்போகும் முதலாவது இடம் அலுவலக விறாந்தைதான். பெட்டிகள் இறங்கும், அந்த நேரம் இடைவேளை மணி அடிக்கும், யாரோ ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார். பிரித்துப் பார்க்க நேரமில்லையென்றால் விநியோகச் சீட்டில் “இத்தனை பெட்டி பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கம் பரிசோதிக்கப்படவில்லை” என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் பெரிய வாக்குவாதத்தைத் தவிர்க்கும். பாதிப் பொருள் மட்டும் வந்தால் வந்த எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். “மிச்சம் நாளைக்கு வரும்” என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

பிரிக்கும்போது மூன்று பேர் இருக்க வேண்டும்: களஞ்சியப் பொறுப்பாளர், அந்தப் பாடத்தின் ஆசிரியர், வாங்குவதில் தொடர்பில்லாத இன்னொருவர். வாங்கியவரே பெற்று, அவரே பதிந்து, அவரே வைத்திருக்கிற ஏற்பாடு நேர்மையான மனிதரையும் சந்தேகத்தில் நிறுத்தும்.

நுணுக்குக்காட்டி ஒன்றைப் பிரிக்கிறீர்கள் என்று வைப்போம். முதலில் சுழலும் தலையில் பொருள்வில்லைகளை எண்ணுங்கள். வழமையாக 4, 10, 40, 100 மடங்கு என்று நான்கு இருக்கும். விலைமனுவில் நான்கு என்று எழுதிவிட்டு மூன்றோடு வருகிற பெட்டிகளும் உண்டு. நான்காவது துளையை மூடிய பிளாஸ்டிக் மூடியை வில்லை என்று எண்ணிவிடுவார்கள். கண்வில்லையைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மேடையை மேலும் கீழும் ஓட்டுங்கள், தானாகச் சரிந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. விளக்கைப் போட்டுப் பாருங்கள். உதிரி பல்ப், உருகி, 100 மடங்கு வில்லைக்கான எண்ணெய்ப் போத்தல், தூசி உறை எல்லாவற்றையும் பட்டியலில் அடையாளமிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறிய வேண்டாம். அது ஈரத்தைக் குடித்து நிரம்பிவிடும் என்பதால், அதை மாற்ற வேண்டிய திகதியைப் பெட்டியின் மூடியிலேயே எழுதுங்கள்.

புரொஜெக்டர் என்றால் மின்வயர், எச்.டி.எம்.ஐ. வயர், ரிமோட், பை ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு மெனுவுக்குள் போய் விளக்கு ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள். புதுக் கருவியில் அது பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் கடையில் காட்சிக்கு வைத்ததைத் தந்திருக்கிறார்கள். மடிக்கணினியில் ரேமும் சேமிப்பகமும் விலைமனுவோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பயோஸ் திரை (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) காட்டும் தொடரிலக்கமும் அடிப்பக்க ஸ்டிக்கரும் ஒன்றா என்றும் பாருங்கள். சார்ஜரின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜர்கள்தான் ஒன்றுக்கொன்று மாறி, கடைசியில் ஒன்று குறையும்.

மூன்று படம் எடுங்கள்: முழுப் பொருள், தொடரிலக்கத் தகடு, விலைச்சிட்டை. படத்தின் பெயரும் பொருளின் இலக்கமாகவே இருக்கட்டும்.

பதிவேட்டில் ஒரு வரி

எல்லாவற்றுக்கும் மேலான விதி இதுதான்: கொடுப்பனவு வவுச்சரில் பொருட்பதிவேட்டின் பக்க இலக்கம் எழுதப்படாமல் காசோலையில் கையொப்பமிடக் கூடாது. அதேபோலப் பதிவேட்டு வரியில் வவுச்சர் இலக்கம் இருக்க வேண்டும். இந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றையொன்று சுட்டினால், ஐந்து வருடம் கழித்து வருகிற கணக்காய்வாளர் பணத்திலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து பணத்துக்கும் இரண்டு நிமிடத்தில் போய்வருவார். இல்லையென்றால் கணக்காய்வு வினா நிச்சயம்.

ஒரு வரியில் இருக்க வேண்டியவை: பெற்ற திகதி, பொருளின் இலக்கம், பெயர், தயாரிப்பும் மாதிரியும், தொடரிலக்கம், வழங்குநர், விலைச்சிட்டை இலக்கம், வவுச்சர் இலக்கம், அலகு விலை, உத்தரவாதம் முடியும் திகதி, வைக்கும் அறை, பொறுப்பாளரின் கையொப்பம். அகலமான பதிவேட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒரு வரியாகப் பாவித்தால் போதும்.

பெரிய பிழை, “கணினி – 10” என்று ஒரே வரியில் எழுதுவது. ஒன்று காணாமல் போனால் எது போனது என்று சொல்ல முடியாது. தொடரிலக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். மேசைக் கணினி என்றால் பெட்டி, திரை, யு.பி.எஸ். மூன்றுக்கும் 07அ, 07ஆ, 07இ என்று உப இலக்கம் கொடுங்கள். ஒரு திரை பழுதானதும் பக்கத்துக் கணினியின் திரையை மாட்டிவிடுவார்கள், பிறகு எந்தச் சோடியும் பொருந்தாது. கதிரை, மேசைக்கு அறைவாரியாக எண்ணிக்கை போதும்.

கணினிகள், துணைக்கருவிகள், மென்பொருட்களுக்குத் தனியான நிலையான சொத்துப் பதிவேடு வேண்டும் என்று 2002 நவம்பர் 28 ஆம் திகதிய திறைசேரிச் சுற்றுநிருபம் ஐ.ஏ.ஐ./2002/02 சொல்கிறது. பழைய சுற்றுநிருபம்தானே என்று விடாதீர்கள், கணக்காய்வு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று அது.

பக்கங்களுக்கு இலக்கமிட்டு, “இந்தப் புத்தகத்தில் இத்தனை பக்கங்கள் உள்ளன” என்று முதல் பக்கத்தில் அதிபர் சான்றளிக்க வேண்டும். வெற்று வரி விடக் கூடாது. பிழை வந்தால் சிவப்பு மையால் ஒரே கோடு போட்டு, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வையுங்கள். டிப்பெக்ஸ் பூசிய ஒரு வரி முழுப் புத்தகத்தின் மேலும் சந்தேகத்தை வரவழைக்கும். கொழும்பில் ஒன்று கூடுதலாகச் செய்யலாம்: தமிழ்ப் பெயருக்குக் கீழே சிறிதாக ஆங்கிலப் பெயரையும் எழுதுங்கள். கணக்காய்வுக்கோ கணக்கெடுப்புக்கோ வருகிறவர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். “உருப்பெருக்கி” எது “ஒலிபெருக்கி” எது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருப்பதில் ஒரு காலைப்பொழுது போய்விடும்.

எக்செல் செய்கிற குழப்பம்

கையால் எழுதும் புத்தகம்தான் மூலப்பிரதி, கணினிப் பிரதி தேடுவதற்கு. இரண்டும் வேண்டும். ஆனால் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ ஏற்றும்போது சில பொறிகள் இருக்கின்றன.

“03/12” என்று இலக்கம் கொடுத்தால் அது திகதியாக மாறிவிடும். தொடரிலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால் அந்தப் பூச்சியங்கள் மறைந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளமான எண் என்றால் மிச்ச இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. தட்டச்சு செய்ய முன்னரே அந்த நிரல் முழுவதையும் “டெக்ஸ்ட்” வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போனது போனதுதான்.

அடுத்தது எழுத்துரு. பழைய பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், புதியவர் யுனிகோட்டில் சேர்ப்பார். திரையில் இரண்டும் தமிழாகத்தான் தெரியும். ஆனால் தேடினால் பாதிதான் வரும், அகர வரிசைப்படுத்தினால் பட்டியல் சிதறும். பாமினியில் உள்ளதை எழுத்துரு மாற்றியில் போட்டு முழுவதையும் யுனிகோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிய பிறகு “ணை”, “னை” மாதிரி எழுத்துகளைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் “லெப்டொப்” என்பார், ஒருவர் “மடிக்கணினி” என்பார், ஒருவர் “நோட்புக்” என்பார். கூட்டிப் பார்த்தால் 18 இருக்க வேண்டிய இடத்தில் 11 காட்டும். பொருளின் பெயர், அறை, நிலை ஆகிய மூன்று நிரல்களுக்கும் கீழ்விரி பட்டியல் போட்டுவிடுங்கள், தட்டச்சு செய்ய இடமே வைக்காதீர்கள். கோப்பு ஒரு ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக் கூடாது, பாடசாலையின் கணக்கில் இருக்க வேண்டும்.

ஒட்டும் இலக்கம்

வெள்ளைத் தாளில் அச்சிட்டு மேலே செலோடேப் ஒட்டுவதுதான் வழமை. ஒரு மழைக்காலம் தாண்டாது. டேப் மஞ்சளாகி ஓரம் கிளம்பும், பிள்ளைகள் சும்மா இருந்து உரிப்பார்கள். பிளாஸ்டிக் லேபல் பிரிண்டர் வாங்க வசதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் எண்ணெய் வர்ண மார்க்கர் போதும். இரும்பு அலுமாரியில் கதவின் உள்பக்கம் மேல் மூலையிலும், மரக் கதிரையில் இருக்கையின் அடிப்பக்கமும் அச்சுத்தகடு வைத்து வர்ணத்தால் எழுதுங்கள். மடிக்கணினியில் தொடரிலக்கத்தை மறைக்காமல், கழற்றக்கூடிய பற்றரியின் மேல் படாமல் ஒட்டுங்கள். பற்றரி மாறினால் இலக்கமும் போய்விடும். கூரையில் பூட்டிய புரொஜெக்டருக்குக் கீழேயிருந்து வாசிக்கிற மாதிரி இன்னொரு லேபல் வேண்டும், காற்றுத் துவாரத்தை மூட வேண்டாம்.

அறையில் உள்ள பொருட்களின் பட்டியலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுவது பழைய அரச வழக்கம். அதைவிட நல்ல முறையை நான் காணவில்லை. ஒரு தாள், திகதி, பொறுப்பாளர் பெயர், அதிபரின் ஒப்பம். அறைக்குள் வருகிற யாரும் ஒரு நிமிடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

இரவல் கொப்பி

இதற்கு மென்பொருள் தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியும், அதில் நூலில் கட்டிய பேனையும் போதும். கொப்பி பொருளின் பக்கத்தில் இருக்க வேண்டும், அலுவலக லாச்சிக்குள் இருந்தால் ஒருவரும் எழுதமாட்டார்கள். நிரல்கள்: எடுத்த திகதியும் நேரமும், பொருளின் இலக்கம், எடுத்தவர், எதற்கு, திரும்பத் தரும் நாள், எடுக்கும்போது நிலை, தரும்போது நிலை, பெற்றுக்கொண்டவர். கடைசி மூன்று நிரலையும் பலர் விட்டுவிடுகிறார்கள். சண்டை வருவதே அங்கேதான்.

பொருட்கள் கை நழுவும் நாட்கள் தெரிந்தவைதான்: இல்ல மெய்வல்லுநர் போட்டி, தமிழ் மொழித் தினப் போட்டி, வாணி விழா, ஒளி விழா. வாணி விழாவை எடுத்துப் பாருங்கள். பூசைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், மேடைக்கு இரண்டு, வாசல் மின்குமிழ்களுக்கு ஒன்று. மைக் இரண்டு, ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்ட் ஒன்று. எடுத்தவர் ஒருவர், பூட்டியவர் வேறொருவர், நிகழ்ச்சி முடிந்து கழற்றியவர்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் நல்ல மனதோடுதான் கழற்றிக் கிட்டவுள்ள வகுப்பறை அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கரோடு பாடசாலை வயரும் சேர்ந்து வான் வண்டியில் ஏறியிருக்கும். அதனால் விழாவுக்கு என்று ஒரே ஒருவர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், மறுநாள் முதலாம் பாடவேளைக்கு முன் அவரே எண்ணித் தர வேண்டும். பாடசாலை வயர்களின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் வர்ண டேப் சுற்றிவிட்டால், இருட்டிலும் எது நம்முடையது என்று தெரியும்.

பொதுப் பரீட்சைகளும் தேர்தல்களும் மேசை கதிரைகளைக் கலக்கும். பரீட்சை நிலையமாக அல்லது வாக்களிப்பு நிலையமாக மண்டபத்தைக் கொடுக்கும் முன் அறைவாரியாக எண்ணி எழுதுங்கள், திரும்பக் கிடைத்த அன்றே மறுபடி எண்ணுங்கள். 2020, 2021 இல் இணையவழிக் கற்பித்தலுக்காக மடிக்கணினிகளை வீட்டுக்குக் கொடுத்த பாடசாலைகள், ஒவ்வொன்றும் திரும்பிய திகதி கொப்பியில் இருக்கிறதா என்று இப்போதாவது ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திருத்தக் கடைக்குப் போகிற பொருளுக்கு வாசல் சீட்டு வேண்டும். கணினி என்றால் கொடுக்க முன்னர் ரேம், வன்தட்டு ஆகியவற்றின் அளவையும் இலக்கத்தையும் குறித்துப் படமெடுங்கள். எட்டுக் கிகாபைட்டோடு போய் நாலோடு வந்தால் அதைக் காட்ட வேறு வழியில்லை. யு.பி.எஸ். பற்றரியில் மாற்றிய மாதத்தை மார்க்கரால் எழுதிவிட்டால், இரண்டு மூன்று வருடத்தில் அது கைவிடும்போது யாரும் கருவியையே பழுதென்று ஒதுக்கமாட்டார்கள்.

உடைந்தால், தொலைந்தால்

இரண்டும் வேறு வேறு. பாவனையில் உடைந்த கண்ணாடிப் பொருளுக்கு ஆய்வுகூடத்தில் உடைவுப் பதிவேடு வேண்டும். அன்றே, எந்த வகுப்பு, எந்தச் செயன்முறை, எப்படி உடைந்தது என்று எழுதி ஆசிரியர் ஒப்பமிட வேண்டும். பிள்ளையைத் தண்டிப்பதற்கு அல்ல. தவணை முடிவில் மொத்தமாக “உடைந்தவை 23” என்று எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள், அன்றன்று எழுதியதை நம்புவார்கள்.

தொலைவும் களவும் வேறு பாதை. களவென்றால் அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடு. அரசின் நிதிப் பிரமாணம் 104(3) இன்படி ஆரம்ப அறிக்கை 7 நாட்களுக்குள் போக வேண்டும், 104(4) இன்படி முழு அறிக்கை 3 மாதத்துக்குள். இழப்புகளுக்கான பதிவேட்டைப் பற்றி 110 சொல்கிறது. மாகாணப் பாடசாலைகள் மாகாண நிதி விதிகளையும் பார்க்க வேண்டும், வலயக் கணக்காளர் பிரிவு வழிகாட்டும். எங்கேயோ இருக்கும், தேடிப் பார்ப்போம் என்று தள்ளிப் போடுவதுதான் ஆட்களை மாட்டிவிடுகிறது. அந்த 7 நாளில் அறிவித்தவர் கடமையைச் செய்தவராகிறார். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுப்பில் பிடிபட்டால் மறைத்தவராகிறார்.

கணக்கெடுப்பும் கழிப்பும்

வருட முடிவுப் பொருட் கணக்கெடுப்பு நிதிப் பிரமாணம் 756 இன் கீழ் வருகிறது. குழுவினர் அந்தப் பொருளுக்குப் பொறுப்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். எண்ணுவதை இரண்டு திசையிலும் செய்யுங்கள். முதலில் பதிவேட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு பொருளாகத் தேடுங்கள், குறைவு தெரியும். பிறகு அறைக்குள் நின்று கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் பதிவேட்டில் தேடுங்கள், மேலதிகம் தெரியும். பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்வதால்தான் எழுதாத அன்பளிப்புகள் வருடக்கணக்கில் எழுதாமலே கிடக்கின்றன.

பாவிக்க முடியாதவை என்று குழு ஒதுக்கியவற்றை அனுமதி வரும்வரை விற்கவோ எரிக்கவோ எறியவோ முடியாது. அதுவரை அவை எங்கே கிடக்கின்றன என்பதும் முக்கியம். மலசலகூடத்துக்குப் பின்னால் மழையில் குவித்த உடைந்த கதிரைகளும் பிளாஸ்டிக் வாளிகளும் டெங்கு நுளம்புக்கு வீடு. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு, எறிந்தால் கணக்காய்வு வினா. கூரைக்குக் கீழே ஒரு மூலையை ஒதுக்கி, கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கி, பட்டியலும் படமும் எடுத்து வைத்து, அனுமதி கேட்கும் கடிதத்தைக் கணக்கெடுப்பு முடிந்த வாரமே அனுப்புங்கள். கழிக்கும் கணினிகளின் வன்தட்டில் பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் விவரங்களும் இருக்கும், அழித்த பிறகே வெளியே போக வேண்டும். இலத்திரனியல் கழிவை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும், பழைய இரும்பு வாங்குகிறவரிடம் அல்ல.

பதிவேடுகளைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டியில் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இடமாற்றக் கடிதம் வந்தால்

ஒரு பொருளின் கணக்கில் ஆகப் பெரிய ஓட்டை விழுவது இங்கே. ஜனவரியில் கடிதம் வரும், மூன்று நாளில் விடுவிக்கச் சொல்வார்கள், போகிறவர் “எல்லாம் புத்தகத்தில இருக்கு மிஸ்” என்று திறப்புக் கொத்தைக் கொடுப்பார், வருகிறவர் மரியாதைக்காக ஒப்பமிடுவார். அந்த ஒப்பத்தோடு பத்து வருடக் குறைவும் அவர் பெயருக்கு வந்துவிடும்.

வருகிறவர் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் கண்டு, இலக்கத்தை வாசித்து, வரிக்கு வரி அடையாளமிட வேண்டும். காணாததைப் பொறுப்பேற்றல் பத்திரத்திலேயே “இல்லை” என்று எழுதி, போகிறவரும் வருகிறவரும் அதிபரும் ஒப்பமிட வேண்டும். ஒரு ஆய்வுகூடத்துக்கு முழு நாள் ஒன்று, கணினி அறைக்கு அரை நாள் பிடிக்கும். அதனால் இடமாற்றப் பட்டியலில் பெயர் வந்த அன்றே தொடங்குங்கள், விடுவிப்புக் கடிதம் பத்திரம் முடிந்த பிறகு போகட்டும். மாற்றல் உடனடி என்றால் போகிறவர், பகுதித் தலைவர், இன்னொரு ஆசிரியர் மூவருமாக எண்ணி அறையைப் பூட்டி முத்திரையிட்டு, புதியவர் வந்ததும் அவர் முன்னிலையில் திறக்கலாம்.

திறப்புகளையும் எண்ணிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அலுமாரியின் இலக்கத்தை எழுதிய சிறு தகடு கட்டி, எத்தனை பிரதி உண்டு, இரண்டாவது பிரதி எங்கே என்பதையும் அந்தப் பத்திரத்தின் கடைசி வரியில் எழுதுங்கள்.